காறாத ரத்தம்

தூத்துக்குடி மருந்துச்சரக்கு பஜாரில் இப்போதெல்லாம் பெண் கேட்டு வருகிறவர்களிடம் யாரும் ஜாதகம் கேட்பதே இல்லை. "பையனுக்கு ரத்தம் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. ஜாதகத்திலாவது பரிகாரம் என்று ஒரு கொல்லைவாசல் உண்டு. இரண்டு விளக்கைப் போட்டு, ஒரு கோயிலுக்குப் போய், செவ்வாயைச் சமாதானப்படுத்திவிடலாம். ரத்தத்தில் அந்த வசதி கிடையாது. செவ்வுமரி குடித்தவரா, குடிக்காதவரா? குடித்தவருக்குப் பெண் உண்டு, ஆயுள் காப்பீடு உண்டு, வங்கியில் மேலாளரே எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவதும் உண்டு. குடிக்காதவனுக்குப் பந்தியில் கடைசி வரிசை.

அந்தக் கடைசி வரிசையில் பஜார் முழுக்கச் சலித்தாலும் ஒரே ஆள்தான் மிஞ்சினான். ஐகோர்ட்துரை. பெயரைக் கேட்டு வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம், அது குலசாமியின் பெயர். வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. அக்கா தங்கக்கனியின் கணவர் சுயம்புலிங்கம் நடத்தும் மூலிகை மண்டியில் எடை போடுவது அவன் வேலை. கெட்டுப்போன எண்ணெய்க்கு ஊரில் என்ன பெயரோ அதையே அவனுக்கும் வைத்து, 'காறல் துரை' என்று கூப்பிட்டார்கள். அவனும் கூப்பிட்ட பக்கம் திரும்பி, வாங்கிக்கொடுத்ததைத் தின்றான்.

அப்படிப்பட்டவனைத்தான் இந்த ஏழெட்டு மாதமாகப் பஜாரே தாங்கு தாங்கென்று தாங்கியது. அவன் ரோட்டைக் கடந்தால் இரண்டு கடைக்காரர்கள் இறங்கிவந்து ஆட்டோவை மறித்தார்கள். தும்மினால் மூன்று பேர் கைக்குட்டை நீட்டினார்கள். காரணம் ஒன்றுதான். சுயம்புலிங்கத்தின் ஒரே மகள் நேத்ரா ஆஸ்பத்திரியில் துரையின் ரத்தத்தால்தான் உயிரோடு இருந்தாள்.

செவ்வுமரி வந்த கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

உப்பளத்து வரப்பில் யாரும் நடாமல் முளைக்கும் உமரிச் செடிக்கு, ஆய்வுக்கூடத்தில் பிறந்த தங்கைதான் செவ்வுமரி. நீலாங்கல் பயோ என்ற கம்பெனி அதைப் பிறப்பித்தது. செடி உப்பு மண்ணில் மட்டும் வளரும் என்பதால் கம்பெனி தூத்துக்குடிக்கு வந்துதான் ஆகவேண்டியிருந்தது. உப்பளத்து வரப்பில் எது முளைத்தாலும் அதைப் பறித்து விற்கும் வழி மருந்துச்சரக்கு பஜார் வழியாகத்தான் போகும். ஆகவே நிகிலேஷ் என்ற இளைஞன் மடிக்கணினியோடு சுயம்புலிங்கத்தின் மண்டிக்கு வந்து, மூட்டைமேல் உட்கார்ந்து, படம் காட்டினான்.

"ரத்தத்துல கொழுப்பு இருக்கறது பெரிய விஷயமில்ல சார். அந்தக் கொழுப்பு ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போகுது பாருங்க, அப்பதான் ரத்தக் குழாய்ல ஒட்டுது. அடைக்குது."

"காறிப்போகுதுன்னு சொல்லும்," என்றார் சுயம்பு. "செக்கெண்ணெய வெயில்ல வச்சா காறும். இதுக்கா இத்தன படம்?"

"அதேதான் சார். எங்க சாறு அதைக் காற விடாது. ஆயுசுக்கு ஒரு பாட்டில். குடிச்சா எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உட்கார்ந்துரும். அங்கிருந்தே காலம்பூரா வேலை பார்க்கும். ஏற்கெனவே இருக்கற அடைப்பையும் கரைச்சிரும்."

"குடியேறினவன் காலி பண்ண மாட்டான்கீரு."

"பண்ணவே மாட்டான் சார்."

"சரக்கு நல்ல சரக்கு. விலைக்கு வாரும்."

அன்றைக்கு நடந்த பேரத்தைப் பஜாரில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். சுயம்பு முதலில் இலைக்கு விலையை ஏற்றினார். அப்புறம் சாக்குக்குத் தனி விலை என்றார். லாரி வாடகை உங்கள் தலையில் என்றார். நிகிலேஷ் வியர்த்து, சம்மதித்து, பையை மூடி எழுந்தபோது அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கறிவேப்பிலைக்காரிகூட ஒரு கொத்து கொசுறு போடாம அனுப்ப மாட்டா. எங்களுக்கு என்ன போடுதீரு?"

"எல்லாந்தான் குடுத்துட்டேனே சார்!"

"மருந்து கடைக்கு வருமுன்ன பஜார்க்காரங்க வீட்டுல தலைக்கு ஒரு பாட்டில். எங்க செடிய நாங்க குடிக்காம ஊரான் குடிக்கவா?"

நிகிலேஷ் வெளியே போய்த் தலைமையகத்துக்குப் பேசினான். உடனே சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். சம்மதமாம். அந்த வேகம் சுயம்புவை உறுத்தியிருக்க வேண்டும். கொசுறு கேட்டால் முகம் சுளிக்காத வியாபாரியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் பஜார் மாலையோடு வந்துவிட்டது. மாலை கழுத்தில் விழுகிற நேரத்தில் யாருக்குத்தான் யோசிக்கத் தோன்றும்?

மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் இரும்புச் சாவியைக் கழுவிக் குடித்த மாதிரி ருசி. வெறும் வயிற்றில் வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. துரை மூன்று முறை வந்தான். மூன்று முறையும் வாயில் ஏதோ அசைந்தது. "ஒரு வடைதான அக்கா, அதப்போயி சாப்பாடுன்னு சொல்லுதிய?" என்று தங்கக்கனியிடம் வழக்காடினான். கம்பெனி நர்ஸ் பெயரை அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் வீம்புக்காகவே குடிக்கவில்லை.

இரண்டு வருஷம் பஜார் கொண்டாடியது. நெய்க்கடை புதிதாக முளைத்தது. மாரடைப்பு என்ற சொல்லே வழக்கொழிந்த மாதிரி இருந்தது. எழுபது வயதுக்காரர்கள் பொரித்த கறியோடு காலை பலகாரம் பண்ணினார்கள். வெளியூரில் மருந்து யானை விலைக்கு விற்றபோது, சும்மா வாங்கிக்கொடுத்த சுயம்பு அண்ணாச்சியை எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மூலிகை வியாபாரத்தில் சரக்கைத் தரம் பிரிக்க இயந்திரம் எத்தனை வந்தாலும் பஜார் நம்புவது மூக்கைத்தான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி, முகத்தருகே கொண்டுவந்து நன்றாக இழுத்து மோந்து பார்ப்பார்கள். நேத்ராவின் மூக்குக்குத் தனி மரியாதை. படித்தது வேதியியல், ஆனால் பெயர் வாங்கியது மூக்கால். ஒருநாள் ஆவாரம்பூ மூட்டையில் தலையைக் கவிழ்த்தவள் இருமிக்கொண்டே எழுந்தாள். இருமல் நிற்கவில்லை.

"பூசணம்," என்றார் டாக்டர் பரீதா. காயல்பட்டினத்து ரத்தின வியாபாரி வீட்டுப் பெண். வியாபாரிக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று அவருக்குத் தெரியும். "பழைய மூட்டையில பச்சையாப் படியுமே, அதுதான். நுரையீரல்ல குடும்பம் நடத்துது."

"நாங்க பொறந்ததுலேருந்து அந்தத் தூசியத்தான திங்கோம் டாக்டரம்மா? எங்க அப்பா, தாத்தா எல்லாம் அதுலயே கெடந்தாங்க. ஒண்ணும் பண்ணலயே?"

"அவங்க ரத்தம் காறுன ரத்தம் அண்ணாச்சி. கிருமி உள்ள வந்தா வெள்ளையணு அதைப் பிடிச்சு விழுங்கும். விழுங்கினா மட்டும் செத்துருமா? எரிச்சுக் கொல்லணும். எதை வச்சு எரிக்குது? எந்த ஆக்சிஜன் கொழுப்பைக் காற வைக்குதோ, அதே நெருப்பை வச்சுத்தான். செவ்வுமரி அந்த நெருப்பை அணைச்சிட்டுது. இப்ப உங்க மக ரத்தத்துல வெள்ளையணு இருக்கு. பூசணத்தைப் பிடிக்கவும் செய்யுது. பிடிச்சு வச்சுக்கிட்டு முழிக்குது."

"ஊரு உலகமெல்லாம் குடிச்சிருக்கே?"

"ஊரு உலகம் மூட்டைக்குள்ள தலையை விடலையே. உங்களுக்கு முதல்ல வந்திருக்கு. மத்தவங்களுக்கு மெதுவா வரும். உங்க பஜார்ல போன மாசம் மூணு சாவு விழுந்துதுல்ல? நிமோனியான்னு எழுதினோம். இப்ப யோசிச்சா அது நிமோனியா இல்ல."

"மருந்து குடுங்க."

"வயல்ல அடிச்சு அடிச்சு இந்தப் பூசணத்துக்கு எல்லா மருந்தும் பழகிப்போச்சு. ஒரே வழிதான் இருக்கு. செவ்வுமரி குடிக்காத ஒருத்தர் ரத்தத்துலேருந்து வெள்ளையணுவை மட்டும் பிரிச்சு ஏத்தணும். அதுவும் ஒரு நாளைக்கு மேல உயிரோட இருக்காது. அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் ஏத்திக்கிட்டே இருக்கணும். அதே குரூப் வேணும். குடிக்காத ஆள் யாராவது இருக்காங்களா உங்களுக்கு?"

சுயம்பு பதில் சொல்லுமுன் தங்கக்கனி சேலை முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள் என்றும் சொல்வார்கள். வரிசையிலிருந்து வடைக்காக விரட்டப்பட்ட தம்பி ஒருவன் அவளுக்கு இருந்தான்.

கம்பெனிக்கும் பேசிப் பார்த்தார் சுயம்பு. நிகிலேஷ் இப்போது பெரிய பதவியில் இருந்தான். குரல் மட்டும் பழைய மரியாதையோடு வந்தது. "விலை குடுத்து வாங்கினவங்களுக்கு ஒரு நிவாரணத் திட்டம் யோசிச்சிட்டிருக்கோம் சார். உங்க பஜாருக்கு... நீங்க அதை இலவசமா கேட்டு வாங்கினீங்க. சட்டப்படி அது பரிசோதனைக்கு விருப்பப்பட்டு வந்த மாதிரிதான் வருது." சுயம்பு போனை வைத்தார். கொசுறில் புழு இருக்கிறது என்று திரும்ப வந்த வாடிக்கைக்காரர்களிடம் அவரும் ஆயுள் முழுக்க ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து துரைக்கு ராஜ உபசாரம் ஆரம்பித்தது. ராஜாவுக்கு நடக்கும் உபசாரம் அல்ல, கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு நடப்பது. ஏறிவிட்ட கொழுப்போடு அவன் இதயம் நின்றுவிட்டால் என்ன ஆவது? தங்கக்கனி எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினாள். அவித்த காய், அவித்த மீன், அவித்த முட்டையின் வெள்ளை. பரோட்டாக் கடைக்காரர் அவனைக் கண்டால் அடுப்பை அணைத்தார். டீக்கடைக்காரர் வடைத் தட்டின்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

"ஏன்யா, காசு குடுத்தாக்கூடத் தர மாட்டீரா?"

"உனக்குக் குடுத்தா அண்ணாச்சி என் கடைய எடுத்துருவாரு. போடே, போய் நடந்துட்டு வா."

ரத்தம் கொடுக்கும் நாட்களில் நேத்ராவின் அறைக்கும் துரையின் கட்டிலுக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். சுவரில் இருக்கும் பேசும் பொத்தானை அமுக்கிக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போடுவார்கள்.

"மாமா, நேத்து என்ன தின்னிய? உங்க ரத்தம் ஏறும்போதே பீர்க்கங்காய் வாடை அடிக்கி."

"ஒங்க அம்ம பீர்க்கங்காயத்தான் போடுதா. கழுதை, ஒனக்காக நான் மாடு மாதிரி எலை தளையத் திங்கேன்."

"கல்யாணம் ஆகலன்னு வருத்தப்படுவியளே. ஊர்ல இருக்குற எல்லா வீட்டுலயும் இப்ப உங்களத்தான் மாப்பிள்ளை கேக்காங்களாம். உண்மையா?"

"எனக்கா கேக்கான்? எங்கிட்ட இருக்குற ரத்தத்துக்குக் கேக்கான்."

அது உண்மைதான். பஜாரில் இன்னும் நான்கு வீட்டில் இருமல் கேட்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் துரையைப் பார்த்துச் சிரிக்கும் விதமே மாறியிருந்தது. கடையில் நல்ல சரக்கைப் பார்த்தும் விலை கேட்காமல் சுற்றிச் சுற்றி வருகிறவனின் சிரிப்பு அது.

கார்த்திகைக்கு முன்பு ஒருநாள் டாக்டர் பரீதா சுயம்புவை நடைபாதையில் நிறுத்தினார்.

"துரைக்கு இதயக் குழாய் மூணும் அடைச்சிருக்கு அண்ணாச்சி. அவிச்சதைத் தின்னு ஆவது இல்ல, இது இருபது வருஷத்துச் சேகரம். ஆபரேஷன் அவர் உடம்பு தாங்காது."

"வேற?"

"செவ்வுமரி. குடிச்சா ஒரு மாசத்துல கரைஞ்சிரும். ரொம்ப நாள் இருப்பார். மூட்டைத் தூசிப் பக்கம் போகாம இருந்தா."

"குடிச்சா அவன் ரத்தமும்..."

"ஆமா. அன்னிலேருந்து காறாது."

"குடிக்கலன்னா?"

"பொங்கலைப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம்."

சுயம்பு கணக்குப் போடுகிறவர்தான். இந்தக் கணக்கில் நேத்ராவுக்கு இரண்டு பக்கமும் ஒரே விடைதான் வந்தது. துரை குடித்தால் நேத்ராவுக்கு ரத்தம் இன்றோடு சரி. குடிக்காவிட்டால் துரை இருக்கும்வரை நேத்ரா இருப்பாள், அதற்குப் பிறகு இரண்டு பேரும் இல்லை. நடுவில் கிடைப்பது சில வாரம். அந்தச் சில வாரத்தில் யாராவது ஏதாவது கண்டுபிடிக்கக்கூடும். கண்டுபிடிக்காமலும் இருக்கக்கூடும்.

"உப்பளத்து ஆட்கள் யாராவது?" என்று கேட்டார்.

"போன வருஷமே அரசாங்கம் வேன் வச்சு ஊத்திட்டுது. உங்களுக்கு மட்டும் சும்மா கிடைச்சுதுன்னு அவங்க போராடி வாங்கினாங்க. வெளியூர்லயும் தேடிப் பார்த்துட்டேன், அதே குரூப்ல குடிக்காத ஆள் கிடைக்கல." டாக்டர் தயங்கினார். "துரைகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவர் உடம்பு. அவருக்குத்தான் முதல்ல தெரியணும்."

வீட்டில் தங்கக்கனி கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"நீங்க போயிப் பேசுங்க."

"என்னன்னு பேச?"

"நீங்கதான பெரிய பேச்சுக்காரரு. கம்பெனிக்காரனையே பேசி மடக்குனியளே."

"குத்திக் காட்டாத கனி. குடின்னு சொல்லணுமா, குடிக்காதன்னு சொல்லணுமா? அத மட்டும் நீ சொல்லு."

அவள் குழாயை மூடினாள். "எங்க அம்மா கண்ண மூடும்போது அவன் கையத்தான் புடிச்சு என் கையில குடுத்தா." ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்ராவ யாரும் என் கையில குடுக்கல. நானே பெத்தேன்."

மறுபடி குழாயைத் திறந்தாள்.

இரண்டு நாள் சுயம்பு துரையிடம் பேசவில்லை. துரையும் மண்டிக்கு வந்து, எடை போட்டு, வாய் திறக்காமல் போனான். மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்கும் முறை. மதியம் சுயம்பு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தம் எடுத்து முடிந்திருந்தது. துரை மாடி வராந்தாவில் பெஞ்சு முழுவதையும் நிறைத்து உட்கார்ந்திருந்தான். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சுயம்பு பக்கத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

என்னென்னவோ கொண்டுவந்திருந்தார் மனசுக்குள். மண்டியில் பங்கு. பெரியகடைத் தெரு வீடு. பொங்கல்வரை பொறு, அதற்குள் டெல்லியிலிருந்து டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்ற பொய். வரும் வழியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது எதுவும் எடை நிற்கவில்லை. சாகப்போகிறவனுக்கு வீடு கொடுப்பதை எந்த வாயால் சொல்வது?

"மாப்ளே..."

"வாயால கேக்காதிய அத்தான்," என்றான் துரை. "துண்ட எடுங்க."

பஜாரில் துண்டு பேரம் செத்துப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பிறகு எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் போன்களே விலையை ஒட்டுக்கேட்டுப் போட்டிக் கம்பெனிக்குச் சொல்ல ஆரம்பித்ததும் பழைய வழக்கம் திரும்ப உயிர் பெற்றது. இரண்டு பேர் கையின்மேலும் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்லுவார்கள். முகம் ஒன்றும் சொல்லாது. முடிந்த பிறகு என்ன பேசினீர்கள் என்று யாரும் கேட்கக்கூடாது, இவர்களும் சொல்லக்கூடாது. வெட்கப்படும் விலைக்கு விற்பவனும் தலை நிமிர்ந்து வீடு போகலாம்.

சுயம்பு தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். கைகள் உள்ளே போயின. துரையின் கையைத் தேடினார். விரல் நீட்டியிருப்பான், எத்தனை விரலோ அத்தனை வாரம் என்று பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒரு விரலென்றாலும் இன்றைக்கு அவர் பேரம் பேசப்போவதில்லை.

கைக்குக் கிடைத்தது மூடிய முஷ்டி.

முதலில் பிகு பண்ணுகிறான் என்று எண்ணினார். கட்டைவிரலை மெல்ல நெம்பிப் பார்த்தார். அது நிமிர்ந்தது, விட்டதும் மடங்கிக்கொண்டது. ஆள்காட்டி விரலை நெம்பினார். அதுவும் மடங்கிக்கொண்டது. உள்ளங்கை நனைந்திருந்தது. துண்டுக்குள் மூடிய முஷ்டிக்குப் பஜாரில் ஒரே அர்த்தம்தான்: சரக்கு இல்லை.

"எப்ப குடிச்ச?" என்று கேட்டுவிட்டார். துண்டு கையில் இருக்கும்போது வாய்விட்டுப் பேசியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"காலைல. ரத்தம் குடுத்துட்டு நேரா எதுத்தாப்புல மருந்துக்கடைக்குப் போயிட்டேன்."

வராந்தாவுக்குக் கீழே யாரோ ஆம்புலன்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"முந்தாநேத்து மாடிப்படியில நெஞ்ச அடைச்சிட்டு அத்தான். பக்கத்துல ஒருத்தரும் இல்ல. படியிலயே உக்காந்துட்டேன். சாமி சத்தியமாச் சொல்லுதேன், நேத்ராவ நெனைக்கணும்னுதான் பாத்தேன். வரல. என்னையத்தான் நெனைச்சேன்." துரை சுயம்புவைப் பார்க்கவில்லை. "அடிக்கணும்னா அடிச்சிருங்க. கைய உருவ மாட்டேன்."

"நான் என்ன கேக்க வந்தேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். நீங்க கேட்டிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன். அதான் முந்திக்கிட்டேன்."

கோபம் வரும் என்று சுயம்பு காத்திருந்தார். வரவில்லை. கொலை செய்ய வந்தவன், ஆள் தப்பிவிட்டான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? துண்டுக்குள் அந்தப் பெரிய கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. அதை விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

படியில் தங்கக்கனியின் செருப்புச் சத்தம் கேட்டது. ரத்தம் கொடுக்கும் நாளில் மதியச் சாப்பாட்டை அவளே தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். வந்தவள் இரண்டு பேரையும், மடியில் கிடந்த துண்டையும் பார்த்தாள். பேரம் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. வழக்கம் அறிந்தவள், ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து தட்டை வைத்தாள். கைக்குத்தல் சோறு, அவித்த புடலங்காய், தாளிக்காத பருப்பு.

"எந்திச்சு வா. ஆறிரும்."

துரை தட்டின் முன் உட்கார்ந்தான். சோற்றைத் தொட்டான், பிசையவில்லை.

"அக்கா," என்றான். "நாளையிலேருந்து எனக்கு எண்ண ஊத்தியே சமைக்கலாம்."

தங்கக்கனியின் கையில் கரண்டி பருப்போடு அந்தரத்தில் நின்றது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சேராமல், மறுபடி சேர்த்து. பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்த தலை ஆடிக்கொண்டிருந்தது. கரண்டியைச் சரித்துப் பருப்பை அவன் சோற்றில் விட்டாள். இன்னொரு கரண்டியும் விட்டாள்.

"தின்னு," என்றாள்.

அவன் தின்றான். அழுதுகொண்டே தின்றான். அவளும் எழுந்திருக்காமல், தட்டில் காலியாகும் இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "நேத்ரா வீட்டுக்காரங்க? பை ஏத்தப் போறோம். ஒருத்தர் உள்ள வாங்க."

சுயம்பு போனார். முகமூடி, கையுறை, நீல அங்கி எல்லாம் மாட்டிவிட்டார்கள். கட்டிலில் நேத்ரா தலையணைக்குள் பாதி புதைந்து கிடந்தாள். மூக்கில் குழாய். கம்பியில் பை தொங்கியது, காலையில் எடுத்தது, வெளுத்த மஞ்சளில் லேசாகச் சிவப்புக் கலந்து, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி. நர்ஸ் திருகைத் திறந்ததும் சொட்டு விழ ஆரம்பித்தது. கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லலாமா என்று அவருக்குத் தோன்றியது. மெதுவாக விட்டால் என்ன ஆகும் என்று தெரியாததால் சொல்லவில்லை.

"மாமா கண்ணாடிக்கு வரலயே இன்னைக்கி?" நேத்ராவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"சாப்புடுதான்."

"அம்மா என்ன போட்டா?"

"பொடலங்கா."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அடங்கும்வரை சுயம்பு அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாவம்ப்பா மாமா. நாளக் கழிச்சு வரும்போது முந்திரி மக்ரூன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியாம. எனக்குன்னு சொல்லி வாங்கட்டும். நான் மோந்து பாத்துட்டு அவங்ககிட்டயே குடுத்திருதேன்."

"சொல்லுதேன்."

"ஒரு பொட்டணம் போதும்."

கடைசிப் பையில் பாதி இறங்கியிருந்தது.

"ரெண்டு," என்றார் சுயம்பு.

"ரெண்டெல்லாம் எதுக்கு? அவங்க தின்னு தீத்துருவாங்க. ஒண்ணு."

"ரெண்டு வாங்கச் சொல்லுதேன்மா." அவர் கண்ணைச் சொட்டிலிருந்து எடுக்கவில்லை. "ரெண்டுக்குக் கொறையாது."